வேறொரு செயினுக்கு மாறும்போது ஹார்ட்ஹாட்டும் ஃபவுண்ட்ரியும் தரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எதீரியத்துக்காக எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் இயங்கும் நிரல்) ஒன்றை, ஹார்ட்ஹாட், ஃபவுண்ட்ரி என்ற உருவாக்கக் கருவிகளால் வேறொரு பிளாக்செயினில் ஏற்ற முனையும்போது, அமைப்புக் கோப்பில் ஆர்பிசி முகவரியையும் (செயினின் கணினியான நோடோடு பேசும் இணைய முகவரி) செயின் எண்ணையும் மாற்றினால் போதும் என்றே பெரும்பாலான அறிமுகப் பக்கங்கள் சொல்கின்றன. சில செயின்களில் அது உண்மையாகவே போதும். மற்றவற்றில் கம்பைல் ஆன நிரல் ஏறாது. ஏறினாலும் அழைப்பு தோற்கும். அழைப்பு வென்றாலும் தொகை பிசகும். ‘இவிஎம் இணக்கம்’ (இவிஎம் என்பது கான்ட்ராக்டை இயக்கும் எதீரிய மெய்நிகர் இயந்திரம்) என்ற ஒரே சொல், ஆப்கோடுகள் (அந்த இயந்திரத்தின் கட்டளைகள்), பரிவர்த்தனை வடிவம், ஆர்பிசி முறைகள், முகவரிக் கணக்கு, கேஸ் (இயக்கச் செலவை அளக்கும் அலகு) விதி, மூலநிரல் சரிபார்ப்பு எனத் தனித்தனியே ஒத்துப்போகவோ முரண்படவோ கூடிய பல அடுக்குகளைச் சேர்த்துக் குறிக்கிறது என்பதே இதற்குக் காரணம். ஆகவே பிழைச் செய்தியைப் படிக்கும்போது, எந்த அடுக்கு முரண்படுகிறது என்று கண்டுபிடிப்பதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். அது தெரியாமல் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்ப்பது நாள்களைத் தின்றுவிடும். நானே அப்படி இரண்டு முழு நாள்களை இழந்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: செய்தியைச் சொல்வது யார்?

திரையில் தோன்றும் சிவப்பு வரி மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கும்: உங்கள் கணினியில் உள்ள கருவி, தொலைவில் உள்ள நோடு, அல்லது செயினில் இயங்கிய கான்ட்ராக்ட். மூன்றையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. கருவி அனுப்பிய அதே கோரிக்கையைக் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு நேரடியாக நோடுக்கு அனுப்பிப் பாருங்கள். நேரடிக் கோரிக்கை வெற்றி பெற்றால் தவறு கருவியில் இருக்கிறது. தோற்றால், திரும்பி வரும் பிழை எண்ணைக் கவனியுங்கள். -32601 என்றால் அந்த முறையே நோடில் இல்லை என்று பொருள். கெத் என்ற எதீரிய மென்பொருளில் ஓடும் நோடாக இருந்து, பிழை எண் 3 ஆகவும் கூடவே தரவு ஒன்றும் வந்திருந்தால், கான்ட்ராக்டே ரிவர்ட் செய்திருக்கிறது, அதாவது அழைப்பை நிறுத்தி மாற்றங்களைக் கைவிட்டிருக்கிறது.

இந்தக் கடைசிக் குறிப்பில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா நோடு மென்பொருளும் ரிவர்ட்டை ஒரே எண்ணால் அறிவிப்பதில்லை. பாரிட்டி என்ற பழைய நோடு மென்பொருளின் வழி வந்தவை -32015 என்று சொல்லும், வேறு சில எல்லாவற்றுக்கும் -32000 என்றே சொல்லும். கெத் தரும் வடிவத்தை மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்ட சோதனை நிரல், கான்ட்ராக்டின் தனிப்பிழைப் பெயரை வாசிக்க முடியாமல் ‘அறியாத பிழை’ என்று காட்டும். அப்போது கான்ட்ராக்டைத் திருத்த வேண்டியதில்லை. பிழைத் தரவு பதிலின் எந்தப் புலத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எடுக்கும்படி சோதனைப் பக்கத்தைத் திருத்தினால் போதும்.

அறிகுறி: ‘இன்வாலிட் ஆப்கோட்’ என்று சொல்லி டெப்ளாய் (செயினில் ஏற்றல்) நிற்கிறது

இதுவே மிகப் பரவலான அறிகுறி, காரணமும் பெரும்பாலும் ஒன்றே. 2023 ஏப்ரலில் எதீரியத்தில் நடந்த ஷாங்காய் மேம்படுத்தல், புஷ்0 என்ற புதிய ஆப்கோடைச் சேர்த்தது. கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சொலிடிட்டியின் கம்பைலர், அடுத்த மாதம் வெளிவந்த 0.8.20 பதிப்பில் ஷாங்காயையே இயல்பான இலக்காக எடுத்துக்கொண்டதால், எதையும் குறிப்பிடாமல் கம்பைல் செய்த ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் புஷ்0 நுழைந்தது. அந்த மேம்படுத்தலை இன்னும் ஏற்காத செயின் அந்த பைட்டைப் பார்த்ததும் நின்றுவிடும். 0.8.25 பதிப்பிலிருந்து இயல்பான இலக்கு கான்கன் என்ற அடுத்த மேம்படுத்தலுக்கும், 0.8.30 பதிப்பிலிருந்து அதற்கடுத்த பிராகுக்கும் நகர்ந்துவிட்டது. கருவிகளும் தம் பங்குக்கு வேறொரு இயல்பு இலக்கை வைத்துக்கொள்வதுண்டு. ஒரே மூலநிரல் ஒரு கருவியில் ஏறி மற்றொன்றில் மறுக்கப்படுவதற்கு இதுவும் காரணமாகலாம். எனவே இவிஎம் பதிப்பை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஷாங்காய் இல்லாத செயினுக்கு, அதற்கு முந்தைய ‘பாரிஸ்’ பாதுகாப்பான இலக்கு.

செயினின் ஆவணத்தை நம்புவதைவிட நோடையே கேட்டுவிடுவது நல்லது. பெறுநர் முகவரி இல்லாமல் ஈத்_கால் (செயினில் எதையும் பதியாமல் ஓட்டிப் பார்க்கும்) கோரிக்கை ஒன்றை உருவாக்கி, தரவாக 5எஃப், 5எஃப், எஃப்3 என்ற மூன்று பைட்டுகளை மட்டும் வையுங்கள். முதல் இரண்டும் புஷ்0, மூன்றாவது ரிட்டர்ன். புஷ்0 தெரிந்த செயின் வெற்று விடையைத் திருப்பித் தரும், தெரியாத செயின் பிழை தரும். கான்கனோடு வந்த எம்காப்பி ஆப்கோடையும் இவ்வாறே சோதிக்கலாம்: 5எஃப் மூன்று முறை, பிறகு 5இ, இறுதியில் 00. பணம் செலவாகாது, அரை நிமிடத்தில் முடியும். புதிய செயினில் கைவைக்கும்போது நான் முதலில் செய்வது இதைத்தான்.

இதன் மறைவான வடிவம் இன்னும் கொடியது. டெப்ளாய் நன்றாக முடிந்துவிடும், பத்துச் செயல்கூறுகள் ஒழுங்காக இயங்கும், பதினொன்றாவது மட்டும் தோற்கும். எம்காப்பியோ, டிஸ்டோர், டிலோடு என்ற தற்காலிகச் சேமிப்பு ஆப்கோடுகளோ அந்த ஒரு பாதையில் மட்டும் இருந்தால் இப்படி நடக்கும். மறுநுழைவுத் தடுப்பை (ஓர் அழைப்பு முடியும் முன் அதே கான்ட்ராக்டுக்குள் மீண்டும் நுழைவதைத் தடுப்பது) தற்காலிகச் சேமிப்பால் எழுதியிருக்கும் நூலகத்தை இணைத்தவர்களுக்கு இது நேர்வதுண்டு. ரசீதில் செலவான கேஸ், கேஸ் வரம்புக்குச் சமமாகவோ அதை ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். ரிவர்ட் ஆனால் மீதிக் கேஸ் திரும்பிவிடும், தெரியாத ஆப்கோடோ கொடுத்த கேஸ் முழுவதையும் விழுங்கிவிடும். அந்த ஓர் எண்ணே நோயைக் காட்டிக்கொடுக்கும். இலக்கை மாற்றி மறுபடி கம்பைல் செய்தும் குறை தீராவிட்டால், உங்கள் திட்டத்துக்குள் ஆயத்த பைட்கோடாக (ஏற்கெனவே கம்பைல் ஆன நிரலாக) வந்த ஏதேனும் ஒரு பொதி இருக்கிறதா என்று தேடுங்கள், ஏனெனில் உங்கள் கம்பைலர் அமைப்பு அதைத் தொடுவதே இல்லை.

அறிகுறி: பரிவர்த்தனையை நோடு வாங்கவே மறுக்கிறது

2021 ஆகஸ்டில் லண்டன் மேம்படுத்தலோடு வந்த கட்டண முறையை எல்லாச் செயின்களும் ஏற்கவில்லை. பரிவர்த்தனை வகை ஆதரிக்கப்படவில்லை என்றோ, ஈத்_ஃபீஹிஸ்டரி என்ற முறை இல்லை என்றோ செய்தி வந்தால், ஃபவுண்ட்ரியில் ‘லெகசி’ என்ற தெரிவைச் சேருங்கள். ஹார்ட்ஹாட்டில் அந்த நெட்வொர்க்குக்குக் கேஸ் விலையை எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

கட்டணம் குறைவு என்று மறுக்கப்படுவது வேறு வகை. ஈதர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 5ஆம் பதிப்பு முன்னுரிமைக் கட்டணமாக 1.5 கிகாவெய் (ஒரு கிகாவெய் 100 கோடி வெய், வெய் ஈதரின் மிகச் சிறிய அலகு) என்ற நிலையான எண்ணை வைத்திருந்தது. எதீரியத்தில் அது போதுமானது. பாலிகான் செயினில் குறைந்தபட்சம் 30 கிகாவெய் கேட்கப்பட்ட காலத்தில், இருப்பது 1500000000, வேண்டியது 30000000000 என்று இரண்டு எண்களையும் நோடே அடுத்தடுத்து அச்சிட்டுக் காட்டியும், கான்ட்ராக்டில் பிழை தேடியவர்கள் பலர். பிழைச் செய்தியில் எண் இருந்தால் அதைக் கடைசி இலக்கம் வரை படியுங்கள்.

செயின் எண் பொருந்தவில்லை என்ற பிழைக்கு, ஈத்_செயின்ஐடி தரும் விடையையும் அமைப்புக் கோப்பில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டால் போதும். நோடு தருவது பதினாறடிமான எண், கோப்பில் எழுதுவது பெரும்பாலும் பதின்ம எண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியது, கிரியேட்2 (முகவரியை முன்கூட்டியே கணிக்க உதவும் ஆப்கோடு) டெப்ளாயர் இல்லை என்று ஃபவுண்ட்ரி சொல்லும் பிழை. எல்லாச் செயின்களிலும் ஒரே முகவரியில் கான்ட்ராக்டை வைக்க உதவும் அந்தச் சிறு டெப்ளாயர், யாருக்கும் தனிச் சாவி இல்லாத வகையில் முன்கூட்டியே கையொப்பமிடப்பட்ட ஒரு பரிவர்த்தனையால் நிறுவப்படுகிறது. அதில் கேஸ் விலை 100 கிகாவெய், கேஸ் வரம்பு 1,00,000 என்று உறைந்திருக்கின்றன. ஆகவே அனுப்பும் முகவரியில் முதலில் 0.01 ஈதர் அளவு நாணயம் போட வேண்டும். போட்ட பிறகும் அது இரண்டு காரணங்களால் தோற்கலாம். அந்தக் கையொப்பத்தில் செயின் எண் கிடையாது. செயின் எண் இல்லாத பரிவர்த்தனைகளை மறுக்கும்படி அமைக்கப்பட்ட நோடுகள் அதை வாங்கா. அல்லது அந்தச் செயினில் கேஸ் கணக்கே வேறாக இருந்து, 1,00,000 போதாமல் போகலாம். எந்த எண்ணையும் நீங்கள் திருத்த முடியாது, ஏனெனில் ஓர் இலக்கம் மாறினாலும் கையொப்பத்திலிருந்து பெறப்படும் அனுப்புநர் முகவரி மாறி, அதனால் டெப்ளாயரின் முகவரியும் மாறிவிடும். செயினை நடத்துவோர் அதைத் தொடக்கத்திலேயே பதித்துத் தந்திருந்தால் நல்லது, ஓபி ஸ்டாக் என்ற மென்பொருள் தொகுப்பில் கட்டிய செயின்களில் அப்படித்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் வேறொரு டெப்ளாயரை நீங்களே நிறுவி, ஃபவுண்ட்ரியின் அமைப்பில் அதன் முகவரியைக் கொடுத்துவிட்டு, முகவரி வேறுபடும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உள்ளூரில் தேறும் சோதனைகள் செயினில் விழுகின்றன

இவிஎம்_ஸ்னாப்ஷாட், இவிஎம்_இன்க்ரீஸ்டைம், பிறர் கணக்காக நடிக்கும் வசதி ஆகியவை உள்ளூர் நோடுகளுக்கே உரியவை. பொது நோடு அவற்றுக்கு -32601 என்று விடையளிப்பது குறையன்று. நேரத்தை நகர்த்தும் சோதனைகளை உள்ளூரோடு நிறுத்தி, செயினுக்குச் சிறிய தனித் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவால் விழுவது வேறு. ஹார்ட்ஹாட் 2இல் ஒரு சோதனைக்கான இயல்புக் கெடு 40 விநாடி. ஃபைல்காயின் செயினில் ஒரு சுற்று (பிளாக் உருவாகும் இடைவெளி) 30 விநாடி. இரண்டு பரிவர்த்தனைகள் அடுத்தடுத்து உறுதியாக வேண்டிய எந்தச் சோதனையும் அங்கே கெடுவுக்குள் முடியாது. தர்க்கம் முழுக்கச் சரியாக இருந்தாலும் சிவப்பாகவே நிற்கும். கெடுவை ஐந்து நிமிடமாக்குங்கள். அதே செயினில் பிளாக்கே இல்லாத வெற்றுச் சுற்றுகளும் உண்டு. எண் வரிசையில் ஒவ்வொரு பிளாக்காகக் கேட்டுச் செல்லும் நிகழ்வுச் சேகரிப்பான் அந்த இடத்தில் பிழை வாங்கி நின்றுவிடாமல், அடுத்த எண்ணுக்குத் தாண்டும்படி எழுதப்பட வேண்டும்.

அறிகுறி: ஃபோர்க் செய்தால் மட்டும் தோற்கிறது

எதீரியத்தின் மேல் இயங்கும் செயினான ஆர்பிட்ரமில் நன்றாக ஓடும் கான்ட்ராக்ட், அதே செயினை ஃபவுண்ட்ரியின் உள்ளூர் நோடான ஆன்வில் கொண்டு ஃபோர்க் செய்தால் (அதன் நிலையை உள்ளூரில் நகலெடுத்து ஓட்டினால்) இன்வாலிட் ஆப்கோட் என்று விழும். இலக்குப் பதிப்புதான் தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தோல்வி எந்த முகவரியில் நிகழ்ந்தது என்று தடத்தில் பாருங்கள். பதின்ம எண்ணில் 100 ஆக வரும் முகவரி என்றால், அங்கே இருப்பது ஆர்ப்சிஸ் என்ற முன்கட்டுக் கான்ட்ராக்ட். அதன் வேலையைச் செய்வது ஆர்பிட்ரம் நோடின் உள் நிரல். செயினில் அந்த முகவரியின் பைட்கோடாகக் கிடைப்பது எஃப்இ என்ற ஒரே பைட், அதன் பொருளே ‘செல்லாத ஆப்கோடு’. ஆன்வில் அந்த ஒற்றை பைட்டை உண்மை நிரல் என்று நம்பி இயக்கி, உடனே விழுகிறது. தேவையான செயல்கூறுகள் மட்டும் கொண்ட போலி கான்ட்ராக்ட் ஒன்றை எழுதி, ஃபவுண்ட்ரியின் எட்ச் வசதியாலோ ஹார்ட்ஹாட்டின் செட்கோடு முறையாலோ அந்த முகவரியில் வைத்துவிட்டால் சோதனை தொடரும்.

அந்தப் போலிக்குள் பிளாக் எண்ணைத் திருப்பித் தரும்போது கவனம் தேவை. ஆர்பிட்ரமில் சொலிடிட்டியின் பிளாக் எண் தோராயமாக எதீரியத்தின் பிளாக் எண்ணையே தரும். செயினின் சொந்த பிளாக் எண் ஆர்ப்சிஸிடம் கேட்டால்தான் கிடைக்கும். ‘இத்தனை பிளாக் கழிந்த பின்’ என்று காலத்தை அளக்கும் எந்தக் கான்ட்ராக்டையும் கொண்டுசெல்லும் முன் நேரமுத்திரைக்கு மாற்றிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

பழைய பிளாக் ஒன்றுக்கு ஹார்ட்ஃபோர்க் (அப்போது செயினில் நடப்பிலிருந்த மேம்படுத்தல்) தெரியவில்லை என்று ஹார்ட்ஹாட் சொன்னால், அது கருவியின் அறியாமை மட்டுமே. அமைப்புக் கோப்பில் அந்தச் செயின் எண்ணுக்கு எந்த பிளாக்கிலிருந்து எந்த ஹார்ட்ஃபோர்க் என்று எழுதிவிட்டால் தீரும்.

அறிகுறி: முகவரி ஏற்கப்படவில்லை, அல்லது எதிர்பார்த்த இடத்தில் கான்ட்ராக்ட் இல்லை

ரூட்ஸ்டாக் செயினின் எக்ஸ்ப்ளோரரிலிருந்து (செயினின் பதிவுகளைக் காட்டும் இணையதளம்) நகலெடுத்த முகவரியை ஈதர்ஸில் ஒட்டினால் ‘செக்சம் தவறு’ என்று வரும். முகவரியில் தவறில்லை. எந்த எழுத்து பெரியதாக வர வேண்டும் என்ற செக்சம் கணக்கில் ரூட்ஸ்டாக் தன் செயின் எண்ணான 30ஐயும் சேர்க்கிறது, எதீரியம் சேர்ப்பதில்லை. எல்லா எழுத்துகளையும் சிறியதாக்கி அனுப்பினால் ஈதர்ஸ் ஏற்றுக்கொள்ளும். அதே செயினில், நாணயம் போட்ட பிறகும் போதிய இருப்பு இல்லை என்று கருவி சொன்னால், சாவி பிறக்கும் பாதையைப் பாருங்கள்: கருவிகள் இயல்பாக 60ஆம் நாணய எண்ணைக் கொண்ட பாதையில் கணக்கை உருவாக்கும், ரூட்ஸ்டாக் பணப்பைகளின் பாதையில் உள்ள எண் 137. நினைவுச்சொற்கள் ஒன்றே, கணக்குகள் வேறு.

சிகேசிங்க் எரா என்ற செயினுக்கே உரிய மெய்நிகர் இயந்திரத்துக்காக அதன் சொந்தக் கம்பைலர் கொண்டு உருவாக்கிய கான்ட்ராக்ட்களில், முகவரிக் கணக்கே வேறு. அனுப்புநரும் நான்ஸும் (பரிவர்த்தனை வரிசை எண்) ஒன்றாக இருந்தும் எதீரியத்தில் கிடைக்கும் முகவரி அங்கே கிடைக்காது. முகவரியை முன்கூட்டியே கணித்து நிரலுக்குள் எழுதிவைத்த தொழிற்சாலைக் கான்ட்ராக்ட்கள், குறிப்பாக இரு டோக்கன்களின் முகவரியிலிருந்து அவற்றின் பரிமாற்ற இணைக் கான்ட்ராக்டின் முகவரியைக் கணிக்கும் நிரல்கள், பிழைச் செய்தி ஏதுமில்லாமல் வெற்று முகவரியை நோக்கிப் பேசும். அந்தக் கணக்கைச் செயினின் சூத்திரத்துக்கு மாற்றுங்கள், அல்லது கணிப்பதை விட்டுத் தொழிற்சாலையிடமே முகவரியைக் கேளுங்கள்.

ட்ரான் செயினின் நிலை இன்னும் வேறுபட்டது. கிரியேட்2 கணக்கின் முன்னொட்டு அங்கே எஃப்எஃப் அன்று, 41. பரிவர்த்தனைகளுக்கு நான்ஸ் கிடையாது. அண்மைப் பிளாக் ஒன்றின் குறிப்பும் காலாவதி நேரமும் அந்த வேலையைச் செய்கின்றன. கையொப்பமிட்ட பரிவர்த்தனையை ஏற்கும் எதீரிய முறையும் அதன் ஆர்பிசியில் இல்லை. இடைநிலை ஆர்பிசி ஒன்றை எழுதி ஹார்ட்ஹாட்டை ஏமாற்ற முயல வேண்டாம் என்றே சொல்வேன். கம்பைல் செய்வதையும் உள்ளூர்ச் சோதனையையும் பழைய கருவியிலேயே வைத்துக்கொண்டு, ஏற்றும் பகுதியை மட்டும் ட்ரானின் சொந்த நூலகமான ட்ரான்வெப் கொண்டு தனியாக எழுதுவது நிலைத்து நிற்கும்.

அறிகுறி: தொகை பத்தின் மடங்குகளில் பிசகுகிறது

ஹெடெரா செயினின் நாணயத்துக்கு எட்டுத் தசம இடங்கள். ஆனால் எதீரியக் கருவிகளுக்காக அதன் ஆர்பிசி வாயில் பதினெட்டு இடங்களாகக் காட்டுகிறது. நீங்கள் ஈதர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை அனுப்பினால் பரிவர்த்தனையில் எழுதப்படுவது 1000000000000000000. கான்ட்ராக்டுக்குள் எம்எஸ்ஜி.வேல்யூவாக (அழைப்போடு வந்த தொகையாக) தெரிவது 100000000. இடையே பத்து சுழியங்கள் உதிர்ந்துவிட்டன. ‘1 ஈதர்’ (ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள்) என்ற சொலிடிட்டி அலகைக் கொண்டு குறைந்தபட்சத் தொகையைச் சோதிக்கும் கான்ட்ராக்ட், அங்கே 1,000 கோடி நாணயங்களைக் கேட்கிறது என்று பொருள். அந்த நாணயத்தின் மொத்த வரம்பே 5,000 கோடிதான். ஆகவே ஒவ்வொரு அழைப்பும் ரிவர்ட் ஆகும், அதுவாவது கண்ணில் படும். அந்த அலகால் வகுத்துப் பங்கு கணக்கிடும் கான்ட்ராக்ட் ரிவர்ட் ஆகாமல் சுழியத்தைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். அதுவே அஞ்சத்தக்கது. நிரலில் ‘ஈதர்’, ‘கிவெய்’ என்ற அலகுகள் வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடி, அமைப்பின்போது கொடுக்கப்படும் மாறிலியாக்குங்கள். ட்ரானுக்கும் இது பொருந்தும். அங்கே ஆறு இடங்கள்.

அறிகுறி: மதிப்பிட்ட கேஸ் போதவில்லை

ஃபவுண்ட்ரியின் ஸ்கிரிப்ட் முதலில் உள்ளூரில் ஓட்டிப் பார்த்துக் கேஸைக் கணிக்கிறது. ஆர்பிட்ரமில் எதீரியத்துக்குத் தரவு அனுப்பும் செலவும் கேஸ் எண்ணுக்குள்ளேயே சேரும் என்பதை உள்ளூர் ஓட்டம் அறியாது. ‘ஸ்கிப் சிமுலேஷன்’ தெரிவைக் கொடுத்து மதிப்பீட்டை நோடிடமே விட்டுவிடுங்கள். பெருக்கியை இயல்பான 130 விழுக்காட்டிலிருந்து உயர்த்துவது இரண்டாம் வழி.

கான்ட்ராக்டுக்குள் உறைந்த கேஸ் எண் இருந்தால் கருவியால் உதவ முடியாது. சொலிடிட்டியின் டிரான்ஸ்ஃபர், பெறுநருக்கு 2,300 கேஸ் மட்டுமே தருகிறது. கேஸ் கணக்கு வேறான செயினில் அது போதாமல் போகலாம். 2023 ஏப்ரலில் சிகேசிங்க் எராவில் ஒரு விற்பனைக் கான்ட்ராக்டில் 921 ஈதர் சிக்கியது இதனால்தான். செயின் மாறும் முன் டிரான்ஸ்ஃபரையும் செண்டையும் நீக்கி, மறுநுழைவுத் தடுப்போடு கூடிய கால் அழைப்பாக மாற்றுங்கள். ஏற்றிய பிறகு மாற்ற வழியில்லை.

அறிகுறி: மூலநிரல் சரிபார்ப்பு பொருந்தவில்லை

முதலில் எக்ஸ்ப்ளோரர் எது என்று பாருங்கள். பிளாக்ஸ்கவுட் என்றால் ஃபவுண்ட்ரியில் சரிபார்ப்பான் பெயரையும் அதன் முகவரியையும் கொடுக்க வேண்டும், ஹார்ட்ஹாட் 2இல் தனிச்செயின் பட்டியலில் எழுத வேண்டும். பைட்கோடு பொருந்தவில்லை என்று வந்தால், செயினில் உள்ளதையும் உங்களிடம் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சொலிடிட்டி பைட்கோடு பெரும்பாலும் 0033 என்று முடியும். அது தனக்கு முன்னுள்ள மெட்டாடேட்டாவின் நீளம், அதாவது 51 பைட்டுகள். வேறுபாடு கடைசி 53 பைட்டுகளுக்குள் (அந்த 51, நீளத்தைச் சொல்லும் 2) மட்டும் என்றால், நிரல் ஒன்றே. கோப்புப் பாதையோ ஒரு குறிப்புரையோ மாறியிருக்கிறது. நடுவில் சில இடங்களில் மட்டும், உங்களிடம் சுழியங்களாகவும் செயினில் மதிப்புகளாகவும் இருந்தால், அவை ஏற்றும்போது மதிப்பு நிரப்பப்படும் இம்யூட்டபிள் மாறிகள், அது இயல்பே. தொடக்கத்திலிருந்தே வேறுபட்டால் இவிஎம் பதிப்பையோ ஆப்டிமைசர் (நிரலைச் செம்மையாக்கும் கம்பைலர் பகுதி) அமைப்பையோ சந்தேகியுங்கள். மேலே சொன்ன புஷ்0 சிக்கலுக்காக இலக்கைப் பாரிஸுக்கு மாற்றி ஏற்றிவிட்டு, சரிபார்ப்புப் படிவத்தில் ‘இயல்புநிலை’ என்றே விட்டிருப்பதுதான் இதில் நான் மீண்டும் மீண்டும் காண்பது.